பகிர ஆளில்லாத அழகு

ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1818 டிசம்பரில் நேப்பிள்ஸில் தங்கியிருந்தபோது எழுதிய ஒரு கவிதையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நேப்பிள்ஸ் அருகே மனச்சோர்வில் எழுதிய அடிகள்’ என்று வரும். பத்திக்கு 9 அடிகளாக 5 பத்திகள். மொத்தமே 45 அடிகள். இந்தக் கவிதைக்கு நெடுங்காலமாக ஒரு விளக்கம் புழங்கிவருகிறது: முதல் இரண்டு பத்திகளில் இயற்கையின் அழகு, மீதி மூன்றில் கவிஞனின் துயரம், இரண்டுக்கும் உள்ள முரண்தான் கவிதை. தேர்வுத்தாளுக்கு இது போதும், ஆனால் கவிதைக்குப் போதாது. அழகை ஒரு பக்கமும் விரக்தியை ஒரு பக்கமும் பிரித்து வைத்தால், கடலும் வானமும் ஒரு சோகக் காட்சிக்குப் பின்னால் தொங்கும் திரையாகிவிடும். ஷெல்லி அப்படி எழுதவில்லை. அந்த நண்பகலின் அழகை முழுமையாக உணர்ந்தபடியே அவர் நொறுங்குகிறார். உணர்வதைச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை என்பதுதான் அவரை நொறுக்குகிறது. துயரத்தின் வேரை அங்கே தேடினால்தான் இந்த 45 அடிகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

ஷெல்லி நேப்பிள்ஸுக்கு வந்து சேர்ந்த நிலையை முதலில் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு வயது 26. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1816 டிசம்பரில், அவர் பிரிந்து வந்த முதல் மனைவி ஹாரியட்டின் உடல் லண்டன் ஹைட் பார்க்கின் ஏரியிலிருந்து எடுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஷெல்லி பின்னர் மணந்த மேரியின் சகோதரி ஃபேனி தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். ஹாரியட்டுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளையும் ஷெல்லியிடம் ஒப்படைக்க 1817இல் நீதிமன்றம் மறுத்தது. 1818 மார்ச்சில் மேரியோடும் குழந்தைகளோடும் இங்கிலாந்தை விட்டு இத்தாலிக்குப் புறப்பட்டார். செப்டம்பர் 24 அன்று, வெனிஸில், அவர்களுடைய ஒரு வயது மகள் கிளாரா இறந்தாள். நேப்பிள்ஸ் வீடு வளைகுடாவைப் பார்த்த ரிவியேரா தி கியாயா தெருவில் இருந்தது. அந்த வீட்டுக்குள் மகளை இழந்த தாயும் தகப்பனும் ஆளுக்கொரு மௌனத்தில் இருந்தார்கள். ஷெல்லிக்கு உடம்பும் சரியில்லை. நேப்பிள்ஸில் ஒரு மருத்துவரிடம் சிகிச்சை எடுத்துக்கொண்டதில் வலி கூடியதே தவிரப் பலன் கிடைக்கவில்லை. எழுதிய புத்தகங்களை வாங்குவோரும் சொற்பம்.

இந்தத் தகவல்களை அடுக்கியதும் கவிதை விளங்கிவிட்டதாக நினைப்பது இன்னொரு தவறு. இவ்வளவு நேர்ந்த ஒருவர் அழுது எழுதுவதில் வியப்பில்லை. தொடக்கத்தில் அவர் அழாமலிருப்பதுதான் வியப்பு. முதல் பத்தியில் வெதுவெதுப்பான வெயில், தெளிந்த வானம், துள்ளும் அலைகள், தொலைவில் நீலத் தீவுகள், பனி மூடிய மலைகள். காற்று, பறவை, கடல் ஆகியவற்றின் ஓசைகள் ஒன்றாகக் கலந்து வருகின்றன. ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றான நேப்பிள்ஸின் இரைச்சல்கூட அவர் காதுக்குத் தனிமையின் குரலைப் போல மென்மையாக வந்து சேர்கிறது. நகரத்தின் ஒலியைத் தனிமைக்கு ஒப்பிடும் இந்த இடத்தைப் பலரும் அழகான உவமையென்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். லட்சக்கணக்கான மனிதர்கள் வாழும் ஊரில் ஒருவருக்குக் கேட்பதெல்லாம் தனிமைதான் என்றால், துயரம் மூன்றாம் பத்தி வரை காத்திருக்கவில்லை, முதல் பத்தியின் கடைசி அடியிலேயே வந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாம் பத்தியில் பார்வை இன்னும் கூர்மையாகிறது. மனிதக் கால் படாத கடலின் அடித்தரையும், அதில் பரவிக் கிடக்கும் பச்சையும் ஊதாவுமான கடற்பாசிகளும் தெரிகின்றன. கரையில் மோதும் அலைகள் சிதறும் ஒளியாக விழுகின்றன. விமர்சகர் எஃப்.ஆர். லீவிஸ் 1936இல் வெளியிட்ட நூலில், ஷெல்லிக்கு நிஜ உலகத்தின் மேல் பிடிமானம் குறைவு என்று கடுமையாகக் குற்றம் சாட்டினார். ஷெல்லியின் சில கவிதைகளுக்கு அது பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. அந்த டிசம்பர் 8ஆம் தேதி ஷெல்லி படகில் பாயே வளைகுடாவுக்குப் போயிருந்தார். தெளிந்த நீரின் ஊடாகக் கடலடியில் பாசியும் கொடியும் படர்ந்திருந்ததைக் கண்டதாக, இங்கிலாந்தில் இருந்த நண்பர் தாமஸ் லவ் பீகாக்குக்கு அதே மாதம் எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். கவிதையில் வரும் பாசி அவர் கண்ணால் கண்ட பாசி. மனச்சோர்வு உலகத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்று பொதுவாக நம்புகிறோம். இங்கே பச்சை பச்சையாகவும் ஊதா ஊதாவாகவும் இருக்கின்றன, ஒரு நிறமும் மங்கவில்லை.

இவ்வளவையும் பார்த்து முடித்ததும் இரண்டாம் பத்தியின் கடைசி அடி வருகிறது. இந்தக் கவிதையின் யாப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஸ்பென்சர் பயன்படுத்திய ஒன்பதடி வடிவத்தைத்தான் ஷெல்லி எடுத்திருக்கிறார், ஆனால் அடிகளைக் குறுக்கியிருக்கிறார். எட்டு அடிகள் நான்கு சீர்களில் வேகமாக ஓடும், ஒன்பதாவது அடி மட்டும் ஆறு சீர்களாக நீளும். ஒவ்வொரு பத்தியிலும் மனம் நின்று தங்குவது அந்த நீண்ட அடியில்தான். இரண்டாம் பத்தியில் அந்த நீண்ட அடியை ஷெல்லி எதற்குக் கொடுத்தார்? கடலுக்குக் கொடுக்கவில்லை, வெயிலுக்கும் கொடுக்கவில்லை. இப்போது இந்த உணர்வைப் பங்கிட்டுக்கொள்ள ஏதாவது ஓர் இதயம் இருந்தால் எவ்வளவு இனிமையாக இருக்கும் என்ற ஏக்கத்துக்குக் கொடுத்தார். கவிதை அந்த இடத்தில்தான் திரும்புகிறது. அழகிலிருந்து துயரத்துக்குத் தாவுவதாகச் சொல்லப்படும் இடத்தில் உண்மையில் தாவல் எதுவும் இல்லை. அழகை நிறைவாக உணர்ந்த மனம் இயல்பாகவே இன்னொரு மனத்தை நோக்கித் திரும்புகிறது, திரும்பிய பக்கம் யாரும் இல்லை. மூன்றாம் பத்தியின் முதல் சொல்லே ஒரு பெருமூச்சாக வருவது இதன் நேரடி விளைவு.

அந்த மூன்றாம் பத்தியில் ஷெல்லி தன்னிடம் இல்லாதவற்றை எண்ணுகிறார்: நம்பிக்கை, உடல்நலம், மன அமைதி, சூழ்ந்த சாந்தம், நிறைவு, புகழ், அதிகாரம், அன்பு, ஓய்வு. வெறும் புலம்பல் பட்டியல் என்று இதைத் தள்ளுபவர்கள், நடுவில் வரும் நிறைவைப் பற்றிய வரிகளைக் கவனிப்பதில்லை. செல்வத்தைவிட மேலான அந்த நிறைவை ஞானி தியானத்தில் கண்டடைந்தான் என்றும், தனக்கு அதுவும் கிட்டவில்லை என்றும் ஷெல்லி சொல்கிறார். தனிமையில் இருப்பவனுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் மருந்து அதுதான்: உள்ளே திரும்பு, உனக்குள்ளேயே நிறைவு இருக்கிறது. ஷெல்லி அந்த மருந்தை மதிக்கிறார், கேலி செய்யவில்லை. ஆனால் தன் நோய்க்கு அது பலிக்கவில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். பட்டியல் முடிந்ததும் அவர் கண் மற்றவர்கள்மேல் போகிறது. இவையெல்லாம் வாய்த்தவர்கள் சிரித்து வாழ்கிறார்கள், வாழ்க்கையை இன்பம் என்கிறார்கள். இல்லாமையை அவர் அளப்பது மனிதர்களை வைத்துத்தான். இயற்கையோடு அவருக்கு எந்த வழக்கும் இல்லை.

கோல்ரிட்ஜ் 1802இல் எழுதிய மனச்சோர்வுப் பாடலோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். மாலை வானத்தையும் விண்மீன்களையும் பிறையையும் கோல்ரிட்ஜ் பார்க்கிறார். அவை எவ்வளவு அழகு என்பது அவருக்குத் தெரிகிறது, ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை. மகிழ்ச்சி உள்ளிருந்து ஊறினால்தான் இயற்கை உயிர் பெறும், அந்த ஊற்று தனக்குள் வற்றிவிட்டது என்பது அவருடைய முடிவு. மனச்சோர்வை இவ்வளவு நுட்பமாகப் பகுத்த கவிதைகள் ஆங்கிலத்தில் குறைவு. ஆனால் ஷெல்லியின் நிலை அதுவல்ல. அவருக்குள் ஊற்று வற்றவில்லை, பெருகுவதைப் பாய்ச்சத்தான் வாய்க்கால் இல்லை. இருவரையும் ‘ரொமான்டிக் சோகம்’ என்ற ஒரே பெட்டியில் அடைப்பதால் இருவருக்கும் அநீதி நேர்கிறது.

தமிழ் வாசகருக்கு இதை விளங்கிக்கொள்ள வேறொரு வழியும் உண்டு. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அழகான கரையில் ஆற்றாமையோடு நிற்கும் குரல் நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் அகப்பாடல்களில் அந்தக் குரல் பெரும்பாலும் தோழியைப் பார்த்துப் பேசும், அல்லது தோழி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வந்து சேராதவன் ஒருவன் உண்டு, கேட்பவள் ஒருத்தியும் உண்டு. நேப்பிள்ஸ் கரையில் ஷெல்லிக்கு அந்தத் தோழியின் இடம் காலியாக இருக்கிறது. இளமையில் ‘ஷெல்லிதாசன்’ என்ற புனைபெயரில் எழுதிய பாரதி வழியாகத் தமிழுக்கு அறிமுகமான ஷெல்லி, விடுதலையைப் பாடிய ஷெல்லி. கேட்க ஆளில்லாத இந்த ஷெல்லியும் அவரேதான் என்பதை நாம் போதுமான அளவு படிக்கவில்லை.

வீட்டில் மேரி இருந்தாரே, பிறகு என்ன தனிமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் மேரியே எழுதிவைத்திருக்கிறார். கணவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து, 1839இல் அவருடைய கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, இந்தக் காலத்தைப் பற்றி ஒரு குறிப்புச் சேர்த்தார். தன்னைப் புண்படுத்திவிடுமோ என்று அஞ்சி ஷெல்லி அப்போது எழுதிய சோகக் கவிதைகளை ஒளித்து வைத்தார் என்றும், அவருடைய உணர்வுகளை இன்னும் கவனித்து ஆற்றியிருக்கலாமே என்று எண்ணித் தான் வருந்துவதாகவும் அதில் சொல்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியமானது அடுத்து வரும் செய்தி. மண்ணிலும் வானிலும் காணும் ஒவ்வொன்றையும் அவர் அவ்வளவு ரசித்ததால், அவரிடம் தெரிந்த வாட்டம் ஓயாத உடல்வலியால் வந்தது என்பதைத் தாண்டி வேறெதையும் நினைக்கத் தோன்றவில்லை என்கிறார் மேரி. அழகை ரசிக்கும் ஒருவருக்குள் விரக்தி இருக்க முடியாது என்று மிக நெருங்கியவரே நம்பிவிட்டார். பீகாக்குக்குப் போன கடிதங்களும் இதற்குச் சாட்சி. வெசுவியஸ் எரிமலையையும் பாம்பேயின் இடிபாடுகளையும் கடலையும் அவற்றில் பக்கம் பக்கமாக வருணித்தார். அழகைக் கடிதத்தில் அனுப்பினார், துயரத்தைக் கவிதையில் பூட்டினார். இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் யாரும் இல்லை. கவிதை ஏங்குவது அப்படிக் கேட்கும் ஒருவருக்காகத்தான்.

இதனால் மேரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. அவரும் மகளைப் பறிகொடுத்தவர்தான். 1818 ஆகஸ்டில் இத்தாலியின் எஸ்தே நகருக்குப் புறப்பட்டு வரும்படி அவரை அழைத்தவர் ஷெல்லி. கோடை வெயிலில் செய்த அந்த நீண்ட பயணத்தில்தான் குழந்தை நோயுற்றது. ஹாரியட்டைக் கைவிட்டவரும் ஷெல்லியே. இப்படிப்பட்டவருக்கு அன்பு கிடைக்கவில்லை என்று அழ என்ன தகுதி என்று கேட்பவர்கள் உண்டு, அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. கவிதையில் மேரியின் துக்கத்துக்கு ஓர் அடிகூட இல்லை என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் இந்தக் கவிதை விடுதலை கேட்கும் மனு அல்ல. மனிதர்கள் நேசிக்காத ஒருவன் தான் என்று கடைசிப் பத்தியில் அவர் சொல்லும்போது, அது அநியாயம் என்று ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. துன்பத்தை உண்டாக்கியவருக்கும் துன்பம் உண்டு. அதை அவர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பதுதான் கவிதையைப் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி.

நான்காம் பத்தியைப் பற்றிய தயக்கம் இதைவிடக் கனமானது. விரக்தியே இப்போது காற்றையும் நீரையும் போல மென்மையாகிவிட்டது, களைத்த குழந்தையைப் போலப் படுத்து அழலாம், தூக்கம்போலச் சாவு வந்து சேரலாம் என்கிறது அந்தப் பத்தி. சாவைத் தாலாட்டாக்கும் எழுத்து ஆபத்தானது என்பதில் எனக்கு ஐயமில்லை. துயரத்தில் இருக்கும் இளைஞர் கையில் இந்தப் பத்தியை மட்டும் கிழித்துக் கொடுப்பது பொறுப்பற்ற செயல். 1822 ஜூலை 8 அன்று, 30 வயது நிறையுமுன்பே, ஷெல்லி ஸ்பெசியா வளைகுடாவில் படகு மூழ்கி இறந்ததை இதோடு முடிச்சுப்போட்டு, கவிஞர் தன் முடிவை முன்பே கண்டுவிட்டார் என்று சிலாகிப்பதும் எனக்கு ஒப்பவில்லை. அவரைக் கொன்றது புயல், கவிதை அல்ல. கவிதையைக் கவனித்தால், சாவு அங்கே முடிவாக வைக்கப்படவே இல்லை. கடலின் கடைசி மூச்சோடு நான்காம் பத்தி நின்றிருந்தால் வாசகர்கள் கண்ணீரோடு கைதட்டியிருப்பார்கள். ஷெல்லி அந்தக் கைதட்டலை வேண்டாம் என்று விட்டுவிட்டு இன்னும் 9 அடிகள் எழுதினார்.

தன்னிரக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு அந்த 9 அடிகளே பதில். டி.எஸ். எலியட் 1933இல் ஷெல்லியின் கருத்துகள் பதின்பருவத்தைத் தாண்டாதவை என்று எழுதியதிலிருந்து, இந்தக் கவிதை அதற்குக் கைவசமான எடுத்துக்காட்டாகிவிட்டது. தன்னிரக்கத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு: துயரப்படுபவன் உலகத்தின்மேல் வழக்குத் தொடுப்பான், தீர்ப்பும் தானே எழுதிக்கொள்வான். இங்கே நடப்பது நேர்மாறு. சீக்கிரமே முதுமையடைந்துவிட்ட தன் நெஞ்சம், காலமல்லாத காலத்தில் முனகி, இந்த இனிய நாளை அவமதிக்கிறது என்று ஷெல்லி தன்னையே கடிந்துகொள்கிறார். நாளின் பக்கம் நின்று தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். பிறகு இரண்டையும் எடைபோடுகிறார். தான் இறந்தால் சிலர் வருந்தலாம், ஆனால் அந்த வருத்தம் நேசமில்லாத வருத்தமாக, கலப்படமாக இருக்கும். இந்த நாளோ கறையின்றி மறையும், அனுபவித்து முடித்த பின்னும் நினைவில் இன்பமாகவே தங்கும். கவிதையின் கடைசி நீண்ட அடி அவருக்குக் கிடைக்கவில்லை, அந்த நாளுக்கே கிடைக்கிறது. தன் துயரத்தின் நடுவிலும் ஒரு நண்பகலுக்குச் சேர வேண்டியதைக் குறைக்காமல் கொடுத்த மனத்தைத் தன்னிரக்கம் பிடித்த மனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேப்பிள்ஸை விட்டு 1819 பிப்ரவரி இறுதியில் ஷெல்லி கிளம்பினார். ஜூன் 7 அன்று ரோமில் மகன் வில்லியமும் இறந்துபோனான். மனச்சோர்வுக் கவிதைக்குக் காரணங்கள் கூடின, குறையவில்லை. அப்படியிருக்க, அந்த அக்டோபரில் ஃபிளாரன்ஸ் அருகே எழுதிய ‘மேற்குக் காற்றுக்கு’ என்ற புகழ்பெற்ற பாடலில் மீண்டும் பாயே வளைகுடா வருகிறது, கடலடிப் பாசியும் வருகிறது. இம்முறை அவர் தன் சொற்களை மனிதகுலம் முழுவதும் தூவும்படி காற்றிடம் கேட்கிறார். நேப்பிள்ஸ் கரையில் ஒரே ஓர் இதயத்துக்கு ஏங்கியவர், முகம் தெரியாத எல்லோரையும் அந்த இடத்தில் வைக்கிறார். துயரம் ஆறியதால் நடந்த மாற்றமல்ல இது. கேட்க ஆள் வேண்டும் என்ற அதே தேவை வேறு வழி தேடியிருக்கிறது. முதல் கவிதையில் அந்தத் தேவையைக் காணத் தவறியவர்களுக்கு இரண்டாவதன் வேண்டுதல் வெறும் புரட்சி முழக்கமாகவே படும்.

ஆகவே ஆங்கில இலக்கியம் கற்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த 45 அடிகளைத் தனியாக வைத்து, ‘இயற்கைக்கும் மனநிலைக்கும் உள்ள முரணை விளக்குக’ என்று கேள்வி கேட்பதை நிறுத்தலாம். கவிதையோடு, அதே டிசம்பரில் பீகாக்குக்குப் போன கடிதத்தையும் 1839இல் மேரி எழுதிய குறிப்பையும் மாணவர் கையில் கொடுக்கலாம். மூன்றும் சேர்ந்து சில பக்கங்களுக்கு மேல் வராது. கடலடிப் பாசி கடிதத்தில் எப்படி வருகிறது, கவிதையில் எப்படி வருகிறது, ஒன்றைத் தபாலில் அனுப்பியவர் மற்றதை ஏன் ஒளித்தார், கூடவே இருந்த மனைவி எதைக் கண்டு ஏமாந்தார் என்று அவர்களே எழுதட்டும்.